எழுத்தின் மூலப்படி எங்கே இருக்கிறது?

வலைப்பதிவர்களுக்கென எளிய எழுதுசெயலி ஒன்றை உருவாக்கி வெளியிட முனைவோரின் கவனம் பெரும்பாலும் திரையின் தோற்றத்திலேயே நிலைகொள்கிறது. வெறுமையான பக்கம், கண்ணை உறுத்தாத எழுத்துரு, மிகச் சில பொத்தான்கள் ஆகியவையே எளிமை எனக் கருதப்படுகின்றன. இணைய இணைப்பு இல்லாத வேளையிலும் இயங்கும் என்று அச்செயலி அறிவிக்கப்பட்டுவிட்டால், அதன் கடினமான பகுதி முழுவதும் திரைக்குப் பின்னால் போய்விடுகிறது; ஏனெனில் மின்சாரம் நின்றாலும், செயலி முடங்கினாலும், இணைப்பு பாதியில் அறுந்தாலும், தட்டச்சு செய்த எதுவும் தொலையாது என்னும் உறுதிமொழி அவ்வறிவிப்பில் அடங்கியுள்ளது. உலாவியின் வழியே வலைப்பதிவுத் தளத்துக்குள் நுழைந்து எழுதும் முறையில், கட்டுரையின் மூலப்படி தொலைவிலுள்ள வழங்கியில், அதாவது தகவலைச் சேமித்து வைத்துக் கேட்போருக்கு அனுப்பும் கணினியில், இருக்கிறது. எழுதுபவரின் திரையில் தெரிவது அதன் தற்காலிக நகல். இணைப்பின்றி இயங்கும் செயலி இவ்வுறவைத் தலைகீழாக்கி, மூலப்படியை எழுதுபவரின் கருவியில் வைத்து, வழங்கிக்கு நகலை அனுப்புகிறது. இந்த ஒரு மாற்றத்தை முழுமையாக நிறைவேற்ற வேண்டுமானால் நினைவகம், சேமிப்பகம், வலையமைப்பு ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனியே விழிப்புடன் இருக்க வேண்டியிருக்கிறது.

கணினியில் எழுதுவது தொடக்கத்தில் முழுவதும் இணைப்பற்ற செயலாகவே இருந்தது. 1976இல் மைக்கேல் ஷ்ரேயர் எழுதிய எலெக்ட்ரிக் பென்சில், 1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் போன்ற தொடக்ககாலச் சொற்செயலிகளுக்கு அறுந்துபோக இணைப்பு என்று எதுவும் இல்லை. வலைப்பதிவுகள் பரவிய பின்னரே எழுத்து உலாவிக்குள் குடியேறியது. அதை மீண்டும் எழுதுபவரின் கணினிக்குக் கொண்டுவரும் முயற்சிகளுள் விரிந்த பயன்பாட்டைப் பெற்றது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் லைவ் ரைட்டர். ஆன்ஃபோலியோ என்னும் சிறு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அதனுடன் வந்த மென்பொருளிலிருந்து உருவான இச்செயலி, 2006இல் சோதனைப் பதிப்பாகவும் 2007இல் முழுப் பதிப்பாகவும் வெளிவந்தது. இத்தகைய செயலி எதிர்கொள்ளும் இடர்கள் ஏறத்தாழ அனைத்தையும் அதன் வரலாற்றில் காணலாம்.

முதலாவது இடம் நினைவகம். விசையை அழுத்தியதும் உருவாகும் எழுத்து முதலில் சென்று தங்குவது டிராம் எனப்படும் இயங்கு நினைவகத்தில். அங்கே ஒவ்வொரு துண்டுத் தகவலும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. அம்மின்னூட்டம் தானே கசிந்துவிடும் இயல்புடையதாதலால், வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை அனைத்துத் துண்டுகளும் படிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுகின்றன. மின்சாரம் நின்றால் இந்தப் புதுப்பித்தல் நின்றுவிடும். அத்துடன் அங்கிருந்த எழுத்தும் மறைந்துவிடும். திரையில் தெளிவாகத் தெரியும் ஒரு பத்தி, அதுவரை வேறெங்கும் எழுதப்படவில்லையானால், அந்த அளவுக்கே உறுதியானது.

நினைவகத்தில் உரையை எவ்வாறு அடுக்கி வைப்பது என்பதும் எளிய கேள்வியன்று. எழுத்துகளை ஒரே நீண்ட வரிசையாக வைத்தால், நடுவில் ஒரு சொல்லைச் சேர்க்கும்போது அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் நகர்த்த வேண்டும். ஈமேக்ஸ் என்னும் பழம்பெரும் உரைத்தொகுப்பி, எழுத்துகள் சேரும் இடத்தில் வெற்றிடம் ஒன்றை வைத்துக்கொண்டு இதனைத் தீர்த்தது. புதிய எழுத்துகள் அவ்வெற்றிடத்தை நிரப்பும், கர்சரை நகர்த்தி வேறிடத்தில் எழுதத் தொடங்கினால் வெற்றிடமும் அங்கே நகரும். இதைவிட நுட்பமான வழி, ஜே ஸ்ட்ரோதர் மூர் வகுத்ததும், 1974இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் உருவாக்கிய பிராவோ தொகுப்பியில் இடம்பெற்றதும், பின்னர் சிமோனியின் வழியே மைக்ரோசாஃப்ட் வேர்டுக்குச் சென்றதுமான துண்டுப் பட்டியல் முறையாகும். இதில் உரை இரண்டு தொகுதிகளாக இருக்கும்: திறந்தபோது இருந்த மூல உரை ஒன்று, அதன் பின்னர் தட்டச்சு செய்யப்பட்டவை வந்த வரிசையிலேயே சேரும் சேர்ப்புத் தொகுதி மற்றொன்று. இரண்டிலும் எதுவும் அழிக்கப்படுவதில்லை. எந்தத் தொகுதியில் எந்த இடத்திலிருந்து எவ்வளவு எடுத்து எவ்வரிசையில் காட்ட வேண்டும் என்னும் பட்டியல் மட்டுமே மாறுகிறது.

“ஆற்றில் வெள்ளம் வந்தது” என்னும் மூல உரையில் “வெள்ளம்” என்பதற்கு முன் “புது” என்னும் சொல்லை ஓர் இடைவெளியுடன் சேர்ப்பதாகக் கொண்டால், பட்டியலில் மூன்று வரிகள் உருவாகும்: மூலத்தின் தொடக்கத்திலிருந்து 8 குறிகள், சேர்ப்புத் தொகுதியின் தொடக்கத்திலிருந்து 5 குறிகள், மீண்டும் மூலத்தில் எட்டுக் குறிகளுக்குப் பின்னுள்ள 14 குறிகள். சேர்த்த சொல்லை எழுதுபவர் நீக்கிவிட்டால், நடுவரி மட்டும் பட்டியலிலிருந்து போகும். சொல் சேர்ப்புத் தொகுதியிலேயே இருக்கும். பத்திரப்பதிவில், பதிவான பத்திரத்தை எவரும் சுரண்டித் திருத்தாமல் பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்றைத் தனியே எழுதிப் பதிவதால், எப்போது என்ன மாறியது என்பது முழுவதும் தெரிந்துகொள்ளும்படி இருப்பதைப் போன்றது இவ்வமைப்பு. முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதி இதனால் ஏறத்தாழ இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. பழைய பட்டியலை மீண்டும் எடுத்துக்கொண்டால் போதும். தமிழில் 2000 சொற்கள் கொண்ட கட்டுரை சுமார் 50 கிலோபைட் அளவே வருமாதலால், இன்றைய கருவிகளில் வேகத்துக்காக இவ்வளவு நுட்பம் தேவையில்லை என்று கூறுவோர் உண்டு, அது உண்மையே. ஆயினும், இணைப்பின்றி எழுதும் செயலிக்கு இம்முறையின் பெருமதிப்பு வேகத்தில் இல்லை. எழுதியதை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே செல்லும் ஒழுங்கிலேயே இருக்கிறது. அவ்வொழுங்கு சேமிப்பகத்திலும் வலையமைப்பிலும் மீண்டும் மீண்டும் உதவிக்கு வருகிறது.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் “ஆற்றில்” என்னும் சொல்லும் அதனையடுத்த இடைவெளியும் எட்டுக் குறிகளாக எண்ணப்பட்டது தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கலாம். அவர் காண்பவை நான்கு எழுத்துகளும் ஓர் இடைவெளியும் மட்டுமே. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு தரத்தில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனி எண்களைப் பெறுகின்றன. இவ்வெண்களைக் குறியெண்கள் என்பர். “தமிழ்” என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியெண்களாகவும், உரைக்கோப்புகளில் இன்று பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் 15 பைட்டுகளாகவும் அமைகிறது. ஆங்கில உரையை மட்டும் வைத்துச் சோதிக்கப்பட்ட செயலி, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற நினைப்பில் உரையை ஓரிடத்தில் வெட்டினால், தமிழ் எழுத்தின் நடுவே வெட்டு விழுந்து, அவ்விடத்தில் கேள்விக்குறியிட்ட சாய்சதுரம் தோன்றும். எழுத்துகளை எண்ணும்போதும், கர்சரை நகர்த்தும்போதும், பட்டியலின் துண்டுகளைப் பிரிக்கும்போதும், உரைக்கோவை எல்லைகளை, அதாவது வாசகர் ஒரே எழுத்தாக உணரும் குறியெண் தொகுப்பின் ஓரங்களை, செயலி அறிந்திருக்க வேண்டும்.

இதைவிட மறைவான சிக்கல் ஒன்றும் உண்டு. “கொ” என்னும் எழுத்தை, ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்த்தும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறியெண்களாகவும் எழுதலாம். முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. ஒரு விசைப்பலகைச் செயலி முதல் வடிவத்தையும் மற்றொன்று இரண்டாம் வடிவத்தையும் அனுப்பினால், தேடல் பாதிச் சொற்களைத் தவறவிடும். இரு கருவிகளில் இருக்கும் ஒரே பத்தி வேறுபட்டதாகத் தோன்றி, இல்லாத மாற்றம் ஒன்று இருப்பதாகச் செயலி அறிவிக்கும். இவ்விரு வடிவங்களையும் சமமானவை என்று ஒருங்குறித் தரமே வரையறுத்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இயல்பாக்கம் என்னும் வழிமுறையையும் தந்திருப்பதால், தேடுவதற்கும் ஒப்பிடுவதற்கும் முன் இயல்பாக்கிக்கொண்டால் சிக்கல் தீர்கிறது. ஆனால் “கௌரி” என்பதில் வரும் ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக ளகர எழுத்தையே தட்டிவிட்டு “கெளரி” என்று எழுதிவிடும் பழக்கத்தை இயல்பாக்கம் திருத்தாது. கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் தரத்தின் பார்வையில் அவை வேறு எழுத்துகள். தமிழ் வலைப்பதிவர்களுக்கான செயலி இதனைத் தானே மாற்றிவிடாமல் எழுதுபவருக்குச் சுட்டிக்காட்டுவதே முறையாகும்.

இரண்டாவது இடமான சேமிப்பகத்தில்தான் ஏமாற்றங்கள் மிகுதி. கைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் உள்ள ஃபிளாஷ் நினைவகம், மின்காப்பினால் சூழப்பட்ட சிற்றறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைப்பதால், மின்சாரமின்றியும் தகவலைக் காக்கிறது. ஆனால் ஒரு செயலி கோப்பில் எழுதுமாறு இயங்குதளத்திடம் கூறி, அதுவும் எழுதிவிட்டதாக விடையளித்த பின்னரும், தகவல் அங்குச் சென்று சேர்ந்திருப்பதில்லை. அடிக்கடி எழுதுவது நேரத்தை வீணாக்கும் என்பதால் இயங்குதளம் அதனை நினைவகத்திலேயே சிறிது நேரம் தேக்கிவைக்கிறது. லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி இத்தேக்கம் 30 நொடி அளவுக்கு நீளலாம். உண்மையாகவே சேமிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுப் பிறகு விடையளி என்று கட்டளையிட எஃப்சிங்க் என்னும் தனி அழைப்பு உண்டு. “சேமிக்கப்பட்டது” என்று திரையில் காட்டும் செயலி, அவ்வழைப்புக்கு வெற்றி விடை கிடைத்த பின்னரே அவ்வாறு காட்டினால்தான் அச்சொல் மெய்யாகும்.

கோப்பை எழுதும் முறையிலும் ஓர் ஆபத்து உள்ளது. பழைய கோப்பை வெறுமையாக்கி அதன்மேல் புதிய உரையை எழுதத் தொடங்கும் செயலி, பாதியில் மின்சாரம் நின்றால் பழையதையும் புதியதையும் ஒருங்கே இழக்கும். ஆகவே புதிய உரையைத் தற்காலிகப் பெயருடைய வேறொரு கோப்பில் முழுவதும் எழுதி, எஃப்சிங்க் மூலம் உறுதிசெய்து, அதன் பின்னரே அக்கோப்புக்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டுவது வழக்கமாயிற்று. பெயர்மாற்றம் ஒன்று முழுமையாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது என்று கோப்புமுறைமைகள் உறுதியளிப்பதால், எந்தக் கணத்தில் மின்சாரம் நின்றாலும் பழைய படியோ புதிய படியோ குறைவின்றி இருக்கும். இவ்வரிசையில் நடுப்படியைத் தவிர்த்தால் என்ன நேரும் என்பது 2009இல் வெளிப்பட்டது. லினக்ஸின் புதிய கோப்புமுறைமையான எக்ஸ்ட்4, கோப்பின் உள்ளடக்கத்துக்கு இடம் ஒதுக்குவதை இயன்றவரை தள்ளிப்போட்டது. எஃப்சிங்க் அழைப்பைச் செய்யாமல் பெயரை மட்டும் மாற்றிய மென்பொருள்களின் கோப்புகள், கணினி திடீரென முடங்கியபின் சுழிய அளவுடன் வெறுமையாகக் காணப்பட்டன. பெயர்மாற்றம் சேமிப்பகத்தைச் சென்றடைந்திருந்தது, உள்ளடக்கம் சென்றடையவில்லை. அக்கோப்புமுறைமையின் முதன்மை வடிவமைப்பாளர்களுள் ஒருவரான தியோடர் சோ, மென்பொருள்கள் எஃப்சிங்கைப் பயன்படுத்தாததே தவறு என்று விளக்கினார். எனினும் பழைய கோப்பின் பெயருக்கு மாற்றப்படும் கோப்புகளின் உள்ளடக்கத்தை விரைந்து எழுதிவிடும் ஏற்பாடும் லினக்ஸில் சேர்க்கப்பட்டது.

ஒவ்வொரு விசையழுத்தத்துக்கும் முழுக் கோப்பையும் எழுதுவது வீண். விம் தொகுப்பி, 200 எழுத்துகள் தட்டப்பட்டதும், அல்லது நான்கு நொடி தட்டாமல் இருந்தாலும், மாற்றங்களைத் துணைக்கோப்பு ஒன்றில் எழுதிவைக்கிறது. ஈமேக்ஸ் 300 விசையழுத்தங்களுக்கு ஒருமுறையோ 30 நொடி ஓய்வுக்குப் பின்னரோ அவ்வாறு செய்கிறது. இன்றைய செயலிகள் பலவும் இப்பொறுப்பைத் தரவுத்தளம் ஒன்றிடம் விட்டுவிடுகின்றன. ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்க்யூலைட் அதற்கு மிகப் பொருத்தமானது. அது 2010 முதல் தரும் முன்பதிவு முறையில், மாற்றங்கள் யாவும் முதலில் தனிப் பதிவேட்டின் இறுதியில் வரிசையாகச் சேர்க்கப்பட்டு, பின்னர் ஓய்வான வேளையில் முதன்மைக் கோப்புக்குள் கொண்டுசெல்லப்படுகின்றன. முடக்கம் நேர்ந்தால், அடுத்த முறை திறக்கும்போது பதிவேட்டில் முழுமையாக முடிந்திருக்கும் மாற்றங்கள் ஏற்கப்பட்டு, அரைகுறையானவை விலக்கப்படும். துண்டுப் பட்டியலின் சேர்ப்புத் தொகுதிக்கும் இப்பதிவேட்டுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. இருந்ததை மாற்றாமல் புதியதைச் சேர்ப்பது என்னும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்களே அவை.

உலாவிக்குள்ளேயே இணைப்பின்றி இயங்கும் செயலியை அமைக்கலாம் என்பது உண்மை. கூகுள் 2007இல் வெளியிட்ட கியர்ஸ் தொடங்கி இன்றைய சர்வீஸ் வொர்க்கர் நுட்பம் வரை அதற்கான வழிகள் வளர்ந்துள்ளன. ஆனால் அங்குச் சேமிப்பது உலாவியின் விருப்பத்துக்கு உட்பட்டது. பயனர்களைப் பின்தொடரும் விளம்பர உத்திகளைத் தடுக்கும் நோக்கில் ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, உலாவியைப் பயன்படுத்தும் ஏழு நாட்களுக்குள் ஒரு தளத்தைப் பயனர் தீண்டாமலிருந்தால், அத்தளத்தின் நிரல் சேமித்துவைத்தவை நீக்கப்படும். நோக்கம் நல்லதே, எனினும் எழுதி முடிக்காத வரைவை இரண்டு வாரம் ஆறப்போட்டுவிட்டுத் திரும்பும் எழுத்தாளரின் இயல்போடு அது பொருந்தாது. கோப்பை எழுதுபவரின் கண்ணுக்குத் தெரியும் கோப்புறையில் வைக்கும் செயலியே இவ்விடத்தில் மேலானது.

மூன்றாவது இடம் வலையமைப்பு. எழுதி முடித்ததை வலைப்பதிவில் ஏற்றும் கட்டம் இது. செயலியும் வழங்கியும் உரையாடுவதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட மொழி ஒன்று வேண்டும். 1998இல் உருவான எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்னும் எளிய அழைப்பு முறையின்மேல், பிளாகர் தளம் 2001இலும், டேவ் வைனர் 2002இல் மெட்டாவெப்லாக் என்னும் பெயரிலும், புதிய பதிவை இடு, இருப்பதைத் திருத்து, அண்மைப் பதிவுகளைத் தா என்பன போன்ற கட்டளைகளை வகுத்தனர். லைவ் ரைட்டர் பலவகை வலைப்பதிவுத் தளங்களோடு இணைய முடிந்தது இவற்றின் பயனாகும். இக்கட்டளைகள் ஒவ்வொன்றுடனும் பயனரின் கடவுச்சொல்லும் சேர்ந்து செல்வது அவற்றின் பெருங்குறை. வேர்ட்பிரஸ் 2016 டிசம்பரில் புதிய இணைப்பு முறையைத் தன் மையப் பகுதியில் சேர்த்து, 2020 டிசம்பரில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே வழங்கி வேண்டும்போது திரும்பப் பெறக்கூடிய கடவுச்சொற்களையும் கொண்டுவந்தது.

எழுதும்போதே தம் வலைப்பதிவின் தோற்றத்தில் கட்டுரையைக் காணும் வசதிக்காக லைவ் ரைட்டர் கையாண்ட உத்தி, நகலை அனுப்பும் வேலையில் உள்ள இடரை நன்கு காட்டுகிறது. பயனர் தம் வலைப்பதிவை முதன்முறை இணைக்கும்போது, வேறெங்கும் வர இயலாத அடையாளத் தொடர் ஒன்றைத் தலைப்பில் தாங்கிய தற்காலிகப் பதிவைச் செயலி வலைப்பதிவில் இடும். உடனே அப்பக்கத்தைத் தரவிறக்கி, அவ்வடையாளம் பக்கத்தின் எந்தப் பகுதியில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, தலைப்புக்கும் உடற்பகுதிக்கும் உரிய அமைப்பைக் கற்றுக்கொள்ளும். பிறகு அப்பதிவை நீக்கிவிடும். இடுவதற்கும் நீக்குவதற்கும் இடைப்பட்ட அச்சிறு பொழுதில் இணைப்பு அறுந்தால், நீக்கும் கட்டளை வழங்கியைச் சென்றடையாது. அந்நிலையை எதிர்பார்த்தே, தன்னை நீக்க இயலவில்லை என்றும் பயனரே நீக்கிவிடுமாறும் வேண்டும் வாசகத்தை அத்தற்காலிகப் பதிவின் உள்ளே எழுதிவைத்திருந்தனர். பல வலைப்பதிவுகளில் எவரும் நீக்காமல் அது அப்படியே நின்றுவிட்டது.

இதே இடரின் கடுமையான வடிவம், கட்டுரையை வெளியிடும்போது தோன்றுகிறது. செயலி புதிய பதிவை அனுப்புகிறது, வழங்கி அதனைப் பெற்று வெளியிட்டுவிடுகிறது, ஆனால் வெளியிட்டேன் என்னும் விடை திரும்பும் வழியில் இணைப்பு அறுகிறது. செயலியின் பார்வையில், கட்டுரை சென்று சேராததும் விடை வந்து சேராததும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறிய அதனிடம் எந்தச் சான்றும் இல்லை. மீண்டும் அனுப்பினால் ஒரே கட்டுரை இருமுறை வெளியாகலாம். அனுப்பாவிட்டால் வெளியாகாமலே போகலாம். பதிவுக்குரிய எண்ணை வழங்கி தரட்டும் என்று காத்திராமல், கட்டுரை தொடங்கப்பட்ட கணத்திலேயே செயலி தானே அடையாள எண் ஒன்றைச் சூட்டிவிடுவது இதற்குத் தீர்வு. யுயுஐடி எனப்படும் 128 இரும இலக்க எண்ணில் 122 இலக்கங்கள் தற்போக்காகத் தெரிவு செய்யப்படுவதால், உலகில் எவரையும் கேளாமல் உருவாக்கினாலும் அது வேறொன்றோடு மோதும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. கட்டுரையோடு அவ்வெண்ணையும் அனுப்பி, மறுமுறை அனுப்பும் முன் அண்மைப் பதிவுகளைக் கேட்டுப் பெற்று அவ்வெண் அவற்றுள் இருக்கிறதா என்று பார்த்தால், எத்தனை முறை முயன்றாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும். ஒளிப்படங்களுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். அவற்றின் அளவு பெரிதாதலால் அறுபடும் வாய்ப்பும் பெரிது.

ஒரே எழுத்தாளர் கைபேசியிலும் மடிக்கணினியிலும் எழுதத் தொடங்கினால் மூலப்படி இரண்டாகிவிடுகிறது. இரண்டும் இணைப்பின்றி இருந்த வேளையில் இரண்டிலும் திருத்தங்கள் நடந்திருக்கலாம். கடைசியாகச் சேமிக்கப்பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும் செயலிகள் உண்டு; அவை எழுதுபவரின் உழைப்பை அவர் அறியாமலே அழிக்கின்றன. கடைசி எது என்று தீர்மானிக்கும் கடிகாரங்களே நம்பத்தக்கவையல்ல. ஒரு கருவியின் நேரம் ஐந்து நிமிடம் முந்தியிருந்தால் அக்கருவியின் பழைய படி புதியதாகத் தோன்றும். பரவிக்கிடக்கும் கணினிகளுக்கிடையே நிகழ்வுகளின் முன்பின் வரிசையைக் கடிகாரத்தை நம்பாமல் அறிய முடியும் என்பதை லெஸ்லி லாம்போர்ட் 1978இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை காட்டியது. அவ்வழியில் வளர்ந்த முறைப்படி, ஒவ்வொரு கருவியும் தான் செய்த திருத்தங்களின் எண்ணிக்கையையும், மற்றதிலிருந்து தனக்கு வந்து சேர்ந்தவற்றின் எண்ணிக்கையையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும். கைபேசியில் 2, மடிக்கணினியில் 5 என்னும் நிலையில் இரண்டும் ஒத்திருந்தன என்று கொள்ளலாம். பின்னர் கைபேசியில் மட்டும் ஒரு திருத்தம் நடந்தால், அதன் குறிப்பு 3, 5 ஆகும். இது 2, 5 என்பதை எல்லா எண்ணிலும் எட்டியோ மிஞ்சியோ இருப்பதால் ஐயமின்றிப் புதியது. மடிக்கணினியிலும் தனியே திருத்தம் நடந்து அங்கே 2, 6 என்று இருந்தால், 3, 5 என்பதும் 2, 6 என்பதும் ஒன்றையொன்று மிஞ்சவில்லை; உண்மையான முரண் ஏற்பட்டுள்ளது என்பது இதனால் உறுதியாகத் தெரிகிறது.

முரணை அறிந்த பின் இணைப்பது அடுத்த வேலை. இரண்டும் ஒத்திருந்த பழைய படியைச் செயலி பாதுகாத்திருந்தால், அதனோடு ஒவ்வொரு படியையும் ஒப்பிட்டு, வெவ்வேறு பத்திகளில் நடந்த திருத்தங்களைத் தானே சேர்த்துவிடலாம். பலர் ஒரே வேளையில் எழுதும் ஆவணங்களுக்கென எல்லிஸும் கிப்ஸும் 1989இல் ஒரு வழியையும், மார்க் ஷப்பீரோவும் அவருடைய குழுவினரும் 2011இல் சிஆர்டிடி என்னும் மற்றொரு வழியையும் முன்வைத்தனர். பின்னதை உரைக்குப் பயன்படுத்தும்போது, ஒவ்வொரு எழுத்துக்கும் மாறாத அடையாளம் தரப்படுவதால், திருத்தங்கள் எவ்வரிசையில் வந்து சேர்ந்தாலும் எல்லாக் கருவிகளும் இறுதியில் ஒரே உரையை அடையும். மார்ட்டின் கிளெப்மனும் இங்க் அண்ட் ஸ்விட்ச் ஆய்வுக்கூடத்தினரும் 2019இல் வெளியிட்ட கட்டுரையில், பயனரின் கருவியே முதன்மை என்னும் மென்பொருள் கொள்கைக்கு இந்நுட்பத்தையே அடித்தளமாகக் கொண்டனர். அவர்களின் வாதம் வலுவானது. ஆயினும் தனியொருவர் எழுதும் வலைப்பதிவுக்கு அது தேவைக்கு மிஞ்சிய கருவி என்றே சொல்ல வேண்டும். ஒரே வாக்கியத்தை ஒருவர் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகத் திருத்தியிருந்தால், எழுத்தளவில் பிழையின்றி இணைந்த உரை பொருளளவில் எவரும் எழுதாத வாக்கியமாக இருக்கலாம். அத்தகைய இடத்தில் இரு படிகளையும் அருகருகே வைத்து, எது வேண்டும் என்று எழுதியவரையே கேட்பது நேர்மையானது.

இத்தனைக்கும் பின் கோப்பின் வடிவம் பற்றிய முடிவு ஒன்று இருக்கிறது. வேர்ட்ஸ்டார், ஒவ்வொரு பைட்டிலும் ஆங்கில எழுத்துக்குத் தேவைப்படாத எட்டாவது இரும இலக்கத்தைத் தன் வடிவமைப்புக் குறிப்புக்காகப் பயன்படுத்தியதால், அதன் கோப்புகளைப் பிற மென்பொருளில் திறந்தபோது சொற்களின் இறுதி எழுத்துகள் உருமாறித் தெரிந்தன. ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன், உடுக்குறி, சதுரக்குறி போன்ற சாதாரண அடையாளங்களாலேயே தலைப்பையும் அழுத்தத்தையும் குறிப்பதால், அவ்வுரையை எந்தக் கருவியிலும், அதற்கென அமைந்த மென்பொருள் எதுவும் எஞ்சாத நிலையிலும், மனிதர் படிக்க முடியும். மூலப்படி எழுதுபவருடையது என்று சொல்லும் செயலி இவ்வகை எளிய உரைக்கோப்பைத் தெரிவு செய்வதில் தயங்கக் காரணம் இல்லை.

வெளியிடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளும் இதே வழியில் அமைய வேண்டும். எஸ்க்யூலைட்டின் உருவாக்குநர்கள், எழுதும் வேலையின் வெவ்வேறு கணங்களில் மின்சாரம் நின்றதுபோலவும் சேமிப்பகம் பிழை காட்டியதுபோலவும் செயற்கையாக நிகழ்த்தி, ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் குறைவின்றி மீள்கிறதா என்று பார்க்கின்றனர். சிறு செயலியை வெளியிடுவோரும் அந்த ஒழுங்கைத் தம் அளவில் பின்பற்றலாம்: தட்டிக்கொண்டிருக்கும்போதே செயலியை வலிந்து நிறுத்துதல், சேமிப்பகத்தை நிரப்பிவிட்டு எழுதிப்பார்த்தல், வெளியிடும் பொத்தானை அழுத்திய மறுநொடி விமானப் பயண நிலைக்கு மாற்றுதல், கருவியின் நாளைப் பின்னோக்கி நகர்த்துதல், ஒகரமும் ஔகாரமும் நிறைந்த நீண்ட தமிழ் உரையை ஒரு கருவியில் எழுதி மற்றொன்றில் தேடுதல். கடைசியாகச் சொன்னதைத் தமிழர் செய்யாவிட்டால் வேறு எவரும் செய்யப்போவதில்லை.

லைவ் ரைட்டருக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு, அது இடம்பெற்றிருந்த விண்டோஸ் எசென்ஷியல்ஸ் தொகுப்புடன் சேர்த்து 2017 ஜனவரியில் முடிவுற்றது. அதற்கு முன்னரே, பிளாகர் தளத்தில் நுழைவதற்கான பழைய அடையாளச் சரிபார்ப்பு முறையைக் கூகுள் நிறுத்த இருந்ததால், அச்செயலி அத்தளத்தோடு இணைய முடியாமற்போகும் நிலை உருவாயிற்று. மைக்ரோசாஃப்ட் பணியாளர்களான தன்னார்வலர்களின் முயற்சியால் 2015 டிசம்பரில் அதன் மூலநிரல் ஓப்பன் லைவ் ரைட்டர் என்னும் பெயரில் திறந்த உரிமத்துடன் வெளியிடப்பட்டது. அது வெளிவரும்வரை பழைய நுழைவு முறையைக் கூகுள் இயக்கத்திலேயே வைத்திருந்தது. ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்ட வரைவுகள் இதற்கிடையில் பயனர்களின் கணினிகளில், அவர்களுடைய ஆவணக் கோப்புறைகளிலேயே இருந்தன; ஆனால் அவை எளிய உரையாக இல்லாமல் அச்செயலிக்கே உரிய கூட்டுக்கோப்பு வடிவில் இருந்ததால், எழுதியவர்கள் அவற்றைத் திறந்து படிப்பதற்கு அச்செயலியோ அதன் மூலநிரலிலிருந்து உருவான ஒன்றோ தேவைப்பட்டது.